பழைய இயந்திரக் கோலி: அளவெடுப்பதும் தயாரிப்பாளரைக் கண்டுபிடிப்பதும்

கோலிக்குண்டின் மேல் யாரும் கம்பெனிப் பெயரைப் பொறிக்கவில்லை. பெயர் இருந்ததெல்லாம் அட்டைப் பெட்டியிலும் பையிலும்தான். அவை என்றைக்கோ கிழிந்து குப்பைக்குப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது கண்ணாடி மட்டும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா, இலினாய் மாநிலங்களில் இயந்திரத்தில் உருட்டிய கோலி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பதை அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சொல்ல முடியும். எல்லாக் கோலிக்கும் இல்லை, ஆனால் நிறையக் கோலிகளுக்கு முடியும். சிக்கல் என்னவென்றால், புதிதாக இறங்குகிறவர்கள் நிறத்தில் ஆரம்பிக்கிறார்கள். 'மஞ்சளும் கறுப்பும், அப்போ பம்பிள்பீ வகை, அப்போ மார்பிள் கிங் கம்பெனி' என்று ஒரு படத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள். நிறத்தை நம்ப முடியாது. மேற்கு வர்ஜீனியாவின் சின்னத் தொழிற்சாலைகள் பலவும் பக்கத்துக் கண்ணாடி ஆலைகளின் உடைசல், அழகுசாதன ஜாடிகளின் கழிவு என்று கிடைத்ததை வாங்கி உருக்கின. ஒரே நிறக் கண்ணாடி மூன்று கம்பெனிகளின் கோலிகளில் இருக்கும். ஆனால் உருகிய கண்ணாடியை எப்படிக் கலந்தார்கள், எப்படி வெட்டினார்கள், எப்படிச் சுழற்றினார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டது. அதனால் நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான்: அளவு, வெட்டுத்தடம் (உருகிய கண்ணாடியை வெட்டிய இடத்தில் மிஞ்சிய தடம்), கோடுகளின் போக்கு, அடிக்கண்ணாடி (கோடுகளைத் தாங்கி நிற்கும் கண்ணாடி), கடைசியாக நிறம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்தக் கோலிகள் கராஜ் சேலிலும் ஃப்ளீ மார்க்கெட்டிலும் ஜாடி ஜாடியாகக் கிடைக்கும். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இணைய ஏலம்தான் வழி. இரண்டு தரப்புக்கும் கீழே உள்ளது பொருந்தும்.

வேண்டிய சாமான்கள்

அங்குலத்தைப் பின்னமாகவும் காட்டும் டிஜிட்டல் காலிப்பர் ஒன்று. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ். நல்ல வெளிச்சம் தரும் சின்ன டார்ச். முடிந்தால் ஒரு யுவி (புற ஊதா) டார்ச். உருண்டு ஓடாமல் இருக்க மேசை மேல் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

பார்க்கும் முன் கழுவிவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பல்துலக்கி போதும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். உள்ளே விரிசல் இருந்தால் திடீர்ச் சூட்டில் அது பெரிதாகும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கவும் கூடாது.

முதல் படி: சேராதவற்றை ஒதுக்குவது

பழைய ஜாடியில் எல்லாக் காலத்துக் கோலியும் கலந்திருக்கும். இயந்திரக் கோலி அல்லாதவற்றை முதலில் எடுத்து வைத்துவிட்டால் வேலை பாதியாகும்.

கையால் செய்த கோலியின் ஒரு முனையிலோ இரண்டு முனையிலோ சொரசொரப்பான வடு இருக்கும். கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டி எடுத்த இடம் அது. முதல் உலகப் போருக்கு முன் வந்தவற்றில் பெரும்பகுதி ஜெர்மனியின் லவுஷா வட்டாரத்தைச் சேர்ந்தது. உள்ளே வலை போலவும் நாடா போலவும் கோடுகள் ஒரு வடுவிலிருந்து மறு வடுவுக்கு முறுக்கிக்கொண்டு போகும். அது தனி உலகம். இந்தக் கட்டுரை அதைத் தொடவில்லை. களிமண், பீங்கான், அகேட் கல் கோலிகளும் இருக்கலாம். அவற்றையும் தனியே வையுங்கள்.

வடிவம் எதுவும் இல்லாமல் வெளிறிய பச்சையோ நீலமோ கலந்த வெறும் கண்ணாடிக் குண்டு வந்தால், அது விளையாட்டுக் கோலியாகவே இல்லாமலும் போகலாம். நம் ஊர்க் கோலி சோடா பாட்டிலின் கழுத்துக்குள் இருக்குமே, அதே வகை. ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. பாட்டில் உடைந்தால் குண்டு பிள்ளைகள் கைக்குப் போகும், பிறகு ஜாடிக்கு வரும். அதற்குச் சேகரிப்பு மதிப்பு குறைவு.

மேற்பரப்பில் எண்ணெய் படர்ந்தது போல வானவில் பளபளப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் மெக்ஸிகோவிலோ ஆசியாவிலோ அண்மைக் காலத்தில் செய்தது. 35 மில்லிமீட்டர், 42 மில்லிமீட்டர் என்று எலுமிச்சை அளவில் இருக்கும் இயந்திரக் கோலிகளும் அப்படியே. பழைய அமெரிக்க இயந்திரக் கோலி 1 அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம்.

இரண்டாம் படி: அளவு

அங்குலத்தில் எடுங்கள். தொழிற்சாலைகள் அங்குலத்தில்தான் வேலை செய்தன, சேகரிப்பவர்களும் விலைப் பட்டியல்களும் இன்றைக்கும் அங்குலப் பின்னத்தில்தான் பேசுகிறார்கள். '16 மில்லிமீட்டர்' என்று எழுதினால் பழைய கோலி விற்பவர் புதிய சரக்கு என்று நினைத்துக்கொள்வார்.

மனதில் நிறுத்த வேண்டிய எண் 5/8 அங்குலம், அதாவது 15.9 மில்லிமீட்டர். இயந்திரக் கோலிகளில் பெரும்பாலானவை இதையொட்டியே இருக்கும். அமெரிக்காவின் தேசியக் கோலிப் போட்டியில் 10 அடி வட்டத்துக்குள் அடுக்கும் 13 கோலிகளும் இந்த அளவுதான். அடிக்கிற கோலி 1/2 அங்குலத்துக்குக் குறையாமலும் 3/4 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 1/2 அங்குலம் (12.7 மி.மீ.), அதற்குக் கீழே உள்ளவற்றைப் பீவீ என்பார்கள். 3/4 அங்குலம் (19 மி.மீ.), அதற்கு மேல் உள்ளவை ஷூட்டர். நடுவில் 9/16 (14.3), 11/16 (17.5), மேலே 7/8 (22.2), 1 அங்குலம் (25.4). பின்னம் 1/32 வரை எழுதுவது வழக்கம்: 19/32, 21/32, 23/32 என்று. 5/8-ஐ 20/32 என்று எழுத மாட்டார்கள், சுருக்கித்தான் எழுதுவார்கள். முதலில் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும்.

பழைய கோலி முழு உருண்டையாக இருக்காது. குறைந்தது மூன்று திசையில் காலிப்பரை வைத்துப் பாருங்கள்: இரண்டு வெட்டுத்தடங்களுக்கு நடுவே ஒரு தடவை, அதற்குக் குறுக்கே இரண்டு தடவை. காலிப்பரின் இரும்புத் தாடையை இறுக்கித் திருகாதீர்கள், மெல்லத் தொட்டால் போதும்.

அளவு ஏன் முதலில்? ஒன்று, அது விலையைத் தலைகீழாக்கும். ஆக்ரோ என்ற கம்பெனியின் பாப்பை வகைக் கோலி 5/8-இல் ஏராளம். அதே கோலி 3/4-க்கு மேல் கிடைத்தால் கதை வேறு. பெல்டியர் கம்பெனியின் நேஷனல் லைன் ரெயின்போ வகையும் கிறிஸ்டென்சன் அகேட் கம்பெனியின் கினியா வகையும் அப்படித்தான் (இவை எல்லாம் நான்காம் படியில் வரும்). இரண்டு, சில வகைகளுக்கு ஒரு எல்லை உண்டு. பெல்டியரின் படக் கோலிகள் (சித்திரக்கதைப் பாத்திரம் பதித்தவை) கிட்டத்தட்ட எல்லாமே 5/8-க்கும் 11/16-க்கும் இடையில் வந்தவை. 1 அங்குலத்தில் ஒரு படக் கோலியை யாராவது பழையது என்று காட்டினால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இணையத்தில் மொத்தமாக வாங்குபவர்களுக்கு எடையும் உதவும். சாதாரணக் கண்ணாடியில் 5/8 அங்குலக் கோலி சுமார் 5 கிராம் இருக்கும், 1 அங்குலக் கோலி சுமார் 21 கிராம். ஒரு கிலோ ஜாடியில் எல்லாமே 5/8 என்றால் ஏறக்குறைய 190 கோலி வர வேண்டும். 150 என்று விற்பவர் எண்ணிச் சொல்கிறார் என்றால் பெரியவை உள்ளே இருக்கின்றன. நல்ல செய்திதான்.

மூன்றாம் படி: வெட்டுத்தடம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இயந்திரம் என்ன செய்தது என்று தெரிந்தால் தடம் தானாகப் புரியும்.

உலையின் அடியிலிருந்து உருகிய கண்ணாடி தாரையாக இறங்குகிறது. கத்தரி போன்ற வெட்டி அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் சுருள் பள்ளம் வெட்டிய, ஒரே சமயத்தில் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளின் நடுவே விழுகிறது. அந்தப் பள்ளத்தில் உருண்டுகொண்டே நகர்ந்து, நகர நகர இறுகி, மறுமுனையில் கோலியாக விழுகிறது. துண்டின் மேல்புறம் ஒரு வெட்டு, கீழ்ப்புறம் ஒரு வெட்டு. இந்த இரண்டும் கோலியில் சிறு மடிப்புக் கோடாகவோ, நிறங்கள் வந்து முட்டி நிற்கும் இடமாகவோ மிஞ்சும். அவைதான் கோலியின் இரண்டு துருவங்கள். கோலியை டார்ச் முன்னால் மெல்லச் சுழற்றி அவற்றைக் கண்டுபிடியுங்கள். கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஆரம்பத்தில் வெட்டு இயந்திரத்தில் இல்லை. ஒஹையோவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் ஃப்ரெடெரிக் கிறிஸ்டென்சன் 1905-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் உருட்டும் வேலையை மட்டும் செய்தது. ஒருவர் உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி எடுத்து வந்து உருளைக்கு மேலே பிடிப்பார், சொட்டும்போது வெட்டுவார்கள். கம்பியைச் சுழற்றியதால் கோலியின் தலையில் 9 என்ற எண் போல ஒரு வெள்ளைச் சுழி. எதிர்ப் பக்கம் வெட்டு விழுந்த இடத்தில் ஒரு வால். இந்த ஒன்பதும் வாலும் தெளிவாக இருந்தால் அது எம். எஃப். கிறிஸ்டென்சன் கம்பெனியின் கோலியாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். முதல் உலகப் போர்க் காலத்தில் இயற்கை எரிவாயு தட்டுப்பாடாகி 1917-இல் அந்தக் கம்பெனி முடிந்துபோனது. அதனால் காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

அடுத்த மாற்றம் 1920-களில் வந்தது. ஆக்ரோ அகேட் கம்பெனியில் ஃப்ரீஸ் என்பவர் உருளைகளை நேருக்கு நேர் வைக்காமல் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். துண்டு ஒரே அச்சில் உருளாமல் எல்லாப் பக்கமும் திரும்பியது. தடம் மழுங்கியது, கோலி நன்றாக உருண்டது. ஆக்ரோ இதைக் காப்புரிமையால் கட்டிக் காக்கப் பார்த்தது. மாஸ்டர் மார்பிள் கம்பெனி மேல் வழக்குப் போட்டு 1937-இல் தோற்றது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதே மாதிரி இயந்திரத்தைக் கட்டலாம் என்றாகிவிட்டது. 1940-களின் கோலிகளில் தடத்தை மட்டும் வைத்துக் கம்பெனி சொல்வது கடினமாக இருப்பதற்கு இந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு.

நான்காம் படி: கோடுகளின் போக்கிலிருந்து கம்பெனிக்கு

ஆக்ரோ அகேட்டில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் உங்கள் ஜாடியில் அது கட்டாயம் இருக்கும். ஆக்ரனில் ஆரம்பித்த கம்பெனி, எரிவாயுவும் நல்ல மணலும் தேடி 1914-இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்குக்குப் போனது. 1951 வரை ஓடியது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஹொரேஸ் ஹில் முன்பு கிறிஸ்டென்சனிடம் கணக்கு எழுதியவர். அங்கே பணம் கையாடியதாகத் தண்டனையும் பெற்றார். எம். எஃப். கிறிஸ்டென்சன் கோலிக்கும் ஆரம்பகால ஆக்ரோ கோலிக்கும் ஏன் இவ்வளவு சாயல் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையிலேயே பதில் இருக்கிறது.

ஆக்ரோவின் தனி அடையாளம் கார்க்ஸ்க்ரூ. ஒரு நிறப் பட்டை ஒரு துருவத்தில் கிளம்பி, கோலியைச் சுற்றிச் சுற்றி வந்து மறு துருவத்தில் முடியும். வழியில் தன்னையே வந்து தொடாது. உருகிய கண்ணாடித் தாரையைச் சுழலும் குவளை ஒன்றின் வழியாக இறக்கியதால் வந்த வடிவம் இது. சோதிப்பது சுலபம்: பட்டையின் ஒரு முனையில் விரலை வைத்துக் கோடு போகும் வழியே கோலியைத் திருப்பிக்கொண்டே போங்கள். விரல் எதிர்த் துருவத்தில் போய் நின்றால் கார்க்ஸ்க்ரூ. கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் அது வேறு எதுவோ. குவளை சுழலாதபோது அதே கண்ணாடி பேட்ச் கோலியாக, ஒரு பக்கம் திட்டாக வந்தது. ஆகவே ஆக்ரோ நிறத்தில் பேட்ச் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கார்க்ஸ்க்ரூவுக்குள் பெயர்கள் அடிக்கண்ணாடியைப் பொறுத்தவை. ஒளி புகாத இரண்டு நிறம் என்றால் பிரைஸ் நேம். மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்பெஷல். பால் போன்ற, அரைகுறையாக ஒளி விடும் அடி என்றால் ஏஸ். நிறமில்லாத தெளிந்த அடியில் நிறப் பட்டை என்றால் ஸ்பைரல். நிறமுள்ள தெளிந்த அடியில் வெள்ளைப் பட்டை என்றால் ஆனிக்ஸ். தெளிந்த அடியில் வெள்ளை நூல் நூலாகப் பரவி, அதோடு இன்னும் இரண்டு நிறம் ஓடினால் பாப்பை. சிவப்பும் மஞ்சளும் உள்ள பாப்பை சாதாரணம். நீலம், ஊதா சேர்ந்த கூட்டுகளுக்குத்தான் போட்டி.

ஆக்ஸ்பிளட் என்று எல்லோரும் ஆசைப்படும் ஒரு சிவப்பு உண்டு. செம்பு சேர்த்த கண்ணாடி, காய்ந்த ரத்த நிறம். வெறும் செங்கல் நிறத்தை எல்லாம் ஆக்ஸ்பிளட் என்று விற்கிறார்கள். டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள்: உண்மையான ஆக்ஸ்பிளட் துளியும் ஒளி விடாது. லென்ஸில் பார்த்தால் சிவப்புக்குள் மெல்லிய கறுப்பு இழைகள் ஓடும். இரண்டும் இல்லையென்றால் அது சிவப்பு, அவ்வளவுதான்.

பெல்டியர் கிளாஸ் கம்பெனி இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊரில் இருந்தது. விக்டர் பெல்டியர் 1886-இல் தொடங்கிய கண்ணாடி ஆலை. கோலிக்கு வந்தது 1920-களில். இவர்கள் கோலியில் கோடு சுற்றிக்கொண்டு போகாது. ஒளி புகாத அடியின் மேல் மெல்லிய நாடாக்கள் ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்குப் போகும், பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு. பழைய நேஷனல் லைன் ரெயின்போவில் நாடாக்கள் இரண்டு நிறத்தில் மாறி மாறி வரும். வெளிர் நீல அடியில் சிவப்பும் மஞ்சளும் இருந்தால் சூப்பர்மேன், வெள்ளையில் சிவப்பும் பச்சையும் கிறிஸ்துமஸ் ட்ரீ, வெள்ளையில் சிவப்பும் நீலமும் லிபர்ட்டி. இவை எல்லாம் பின்னால் சேகரிப்பவர்கள் வைத்த செல்லப் பெயர்கள். பழைய விளம்பரத்தில் இந்தப் பெயர்களைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். கறுப்பு நாடாவில் லென்ஸ் வைத்தால் சில நேரம் பொடிப் பொடியாக மினுங்கும். அவெஞ்சுரின் என்பார்கள், அது இருந்தால் மதிப்பு கூடும்.

படக் கோலிகளும் பெல்டியர்தான். பெட்டி, கோகோ, பிம்போ, ஸ்கீசிக்ஸ், ஸ்மிட்டி, ஹெர்பி, ஆண்டி, ஆனி, சாண்டி, எம்மா, மூன், கேயோ என்று 12 சித்திரக்கதைப் பாத்திரங்கள். கறுப்பு ஓவியம் சூடாக்கிப் பதித்தது. நகத்தால் கீறினால் படம் உரியுமென்றால் அண்மையில் ஒட்டியது.

கிறிஸ்டென்சன் அகேட் கம்பெனிக்கும் மேலே சொன்ன ஆக்ரன் கிறிஸ்டென்சனுக்கும் உறவு இல்லை. பெயர் மட்டும் ஒன்று. ஒஹையோவின் பேய்ன் ஊரில் தொடங்கி, 1927-இல் அதே மாநிலத்தின் கேம்பிரிட்ஜுக்குப் போய், 1930-களின் ஆரம்பத்தில் முடிந்தது. சில ஆண்டுகளே ஓடியதால் கோலி குறைவு, ஆசை அதிகம். கேம்பிரிட்ஜ் கிளாஸ் கம்பெனி பக்கத்திலேயே இருந்தது. அங்கே வேலை பார்த்த ஆர்னால்ட் ஃபீட்லர் என்ற கண்ணாடி நிபுணர் இவர்களுக்கு நிறம் கலந்து கொடுத்தார். எலெக்ட்ரிக் என்று சொல்லப்படும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் மஞ்சளும் அப்படி வந்தவை. நிறத்தைக் கடைசியில் பாருங்கள் என்று சொன்னேன். இந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் நிறமும் நல்ல சாட்சி. கூர்மையான தீநாக்குகள் ஒரே வரிசையில் ஏறினால் ஃப்ளேம். தெளிந்த நீலம், தேன், அல்லது நிறமில்லாத அடியில் பல நிறப் பொடிகள் தெளித்தது போல நீண்டு ஒட்டியிருந்தால் கினியா. கினியாவுக்குப் போலி ஏராளம். அனுபவம் உள்ளவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்காமல் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

ஸ்லாக் என்னும் வகையில் பலரும் குழம்புவார்கள்: தெளிந்த நிறக் கண்ணாடியில் வெள்ளைச் சுழல். மேலே சொன்ன நான்கு கம்பெனியும் செய்தது. ஒன்பதும் வாலும் என்றால் எம். எஃப். கிறிஸ்டென்சன். வெள்ளை மிக மெல்லியதாக, இறகின் ஓரம் போல் பிரிந்து நின்றால் பெல்டியர். பட்டை கார்க்ஸ்க்ரூ போல் ஓடப் பார்த்தால் ஆக்ரோ. நிறம் சாதாரணத்தை விடப் பளிச்சென்று இருந்தால் கிறிஸ்டென்சன் அகேட்டா என்று பாருங்கள். இதில் எதுவும் தெளிவாக இல்லாத ஸ்லாக்கும் நிறைய உண்டு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் மார்பிள், ஆக்ரோவை விட்டு வெளியேறியவர்கள் 1930-இல் தொடங்கியது; வெட்டுத்தடம் ஆங்கில யூ அல்லது வி எழுத்து போல வளைந்து, ஓரம் இறகு போலச் சிதறியிருக்கும். விட்ரோ அகேட் 1932-இல் மேற்கு வர்ஜீனியாவின் வியன்னா ஊரில் தொடங்கியது. நிறத்தை மேல்தோலாக மெல்லப் பூசியது போல இருக்கும். ஒரு பக்கம் சிவப்புத் திட்டு, எதிர்ப் பக்கம் வேறு நிறத் திட்டு, நடுவில் வெள்ளை என்றால் அவர்களின் ஆல் ரெட். மார்பிள் கிங் 1949-இல் செயின்ட் மேரிஸ் ஊரில் பெர்ரி பிங்க்கும் செல்லர்ஸ் பெல்டியரும் தொடங்கியது. 1958-இல் அங்கே தீப்பிடித்த பிறகு பேடன் சிட்டிக்கு மாறியது. இரண்டு துருவத்திலும் தொப்பி போலத் திட்டு, இடுப்பில் அகலமான பட்டை என்பது இவர்களின் அமைப்பு. ஆரம்பத்தில் சொன்ன பம்பிள்பீக்கு வருவோம்: பெல்டியரிலும் பம்பிள்பீ உண்டு, மார்பிள் கிங்கிலும் உண்டு. மஞ்சள் அடியில் மெல்லிய கறுப்பு நாடாக்கள் என்றால் பெல்டியர். அகலமான திட்டும் பட்டையும் என்றால் மார்பிள் கிங். இரண்டின் விலையும் வேறு.

தெளிந்த கண்ணாடிக்குள் இதழ் போல நிறம் நிற்பவை பூனைக்கண் கோலிகள்; அவற்றை இதழ்களை எண்ணிப் பிரிக்கலாம். ஒரே இதழ், வாழைப்பழம் போல நீளமாக இருந்தால் பெல்டியரின் பனானா. நான்கு இதழ் சிலுவையாகக் குறுக்கே நின்றால் மார்பிள் கிங்காக இருக்கலாம். கூண்டு போல ஐந்து இதழ் நின்றால் விட்ரோ. மூன்று இதழ், லேசாகப் பச்சை கலந்த பாட்டில் கண்ணாடி என்றால் பெரும்பாலும் ஆசியச் சரக்கு. ஜப்பானிலிருந்து 1950-களில் வந்து குவிந்த பூனைக்கண்தான் அமெரிக்கக் கோலி ஆலைகளின் வியாபாரத்தைக் கவிழ்த்தது.

மிஞ்சுவது ஸ்வர்ல்: தடம் தெளிவில்லாமல், நிறம் தாறுமாறாக ஓடும் கோலிகள். ஆலி அகேட், ரேவன்ஸ்வுட் நாவல்டி, சாம்பியன் அகேட், ஹீட்டன் அகேட், கெய்ரோ நாவல்டி என்று மேற்கு வர்ஜீனியாவின் பல ஆலைகள் ஒரே மாதிரி இயந்திரத்தில், ஒரே மாதிரிக் கழிவுக் கண்ணாடியில் செய்தவை. பழைய ஆலை இடங்களைத் தோண்டி எடுத்த உடைந்த கோலிகளை ஒப்பிட்டுத்தான் இவற்றில் பலவற்றுக்குப் பெயர் கிடைத்தது. அந்த ஒப்பீட்டுக்கு வழியில்லாதபோது 'மேற்கு வர்ஜீனியா ஸ்வர்ல்' என்று எழுதி வைப்பதே நேர்மை. ஒவ்வொரு ஸ்வர்லுக்கும் கம்பெனிப் பெயர் ஒட்டி விற்பவர்களைவிட, பாதிக்கு மேல் 'தெரியாது' என்று எழுதியிருக்கும் சேகரிப்பாளரை நான் நம்புவேன்.

ஐந்தாம் படி: யுவி வெளிச்சம்

இருட்டு அறையில் யுவி டார்ச் அடியுங்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி பளிச்சென்று பச்சையாக ஒளிரும். ஆக்ரோவின் லெமனேட் வகை அடிக்கண்ணாடி ஒளிர்வதற்கே பெயர் பெற்றது. ஒளிர்வது துணைச் சாட்சி மட்டும். அதை வைத்துப் பழையது என்று முடிவு கட்ட முடியாது, இன்றைக்கும் யுரேனியக் கண்ணாடியில் கோலி செய்து விற்கிறார்கள்.

ஆறாம் படி: நிலை

மேற்பரப்பில் அரைவட்ட நகக்குறி போலத் தெரிவது அடிபட்ட தடம், மூன் என்பார்கள். தோல் பெயர்ந்த மெல்லிய சில்லு, ஆழமான உடைவு இரண்டும் தனித்தனி. உருளும்போதே விழுந்த மடிப்பு, சிறு குழி இவை தொழிற்சாலையிலேயே வந்த குறை, அவ்வளவு மதிப்பைக் குறைக்காது. மிண்ட், நியர் மிண்ட், குட், கலெக்டிபிள் என்ற நான்கு சொல்லில்தான் பெரும்பாலும் தரம் எழுதுவார்கள். விற்பவர்களில் பலர் ஒரு படி கூட்டித்தான் எழுதுவார்கள், நீங்கள் ஒரு படி குறைத்துப் படியுங்கள்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் பாலிஷ். அடிபட்ட கோலியை மெருகேற்றிப் புதிது போல ஆக்கிவிடுவார்கள். மதிப்பு விழுந்துவிடும், அளவும் குறையும். கண்டுபிடிக்க மூன்று வழி. தொழிற்சாலை மடிப்பு ஒன்றுகூட இல்லாமல் எங்கும் ஒரே வழவழப்பாக இருப்பது. லென்ஸில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரிவது. மேலே திறப்பு இல்லாமல், கண்ணாடிக்கு உள்ளே மட்டும் அரைவட்ட விரிசல் நிற்பது. மூன்றாவது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழைய பெட்டியோடு வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பெட்டி உண்மையாகவும் உள்ளே இருக்கும் கோலி வேறாகவும் இருக்கலாம். ஆக்ரோ பெட்டிக்குள் மார்பிள் கிங் இருந்தால் பெட்டிக்கு ஒரு விலை, கோலிக்கு ஒரு விலை.

ஏழாம் படி: எழுதி வைப்பது, கேட்பது

ஒவ்வொரு கோலிக்கும் ஒரு சின்னச் சீட்டு: 1/32 வரை அளவு, தடம் எத்தனை, அடிக்கண்ணாடி ஒளி விடுகிறதா, கோட்டின் போக்கு, யுவியில் என்ன ஆனது, நிலை. கம்பெனிப் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். உறுதியாகத் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

சந்தேகம் உள்ள கோலியைத் தெரிந்தவருக்குக் காட்டப் படம் எடுக்கும்போது, அழகாகத் தெரியும் பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புவதால் பயனில்லை. இரண்டு துருவம், இரண்டு பக்கம், பின்னால் டார்ச் பிடித்து ஒன்று, யுவியில் ஒன்று, காலிப்பரோடு ஒன்று. ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். இந்த ஏழு படமும் இருந்தால் விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.